பெரிய நோட்டும் எங்கள் ஜெராக்ஸ் மெஷினும்

"இந்த நோட்டுல எத்தனை ரகசியம் இருக்குன்னு தெரியுமா உனக்கு?" என்று அந்த வங்கி அதிகாரி என்னைக் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க அவ்வளவு பெரிய நோட்டை யார் நீட்டப்போகிறார்கள்?

"பதினேழு!" என்றார். அவர் கையில் இருந்தது, புது ரூபாய் நோட்டை அடையாளம் காண்பது எப்படி என்று மக்களுக்கு விளக்கும் துண்டறிக்கை. நடுவில் நோட்டின் படம், சுற்றிலும் அம்புக்குறிகள், எறும்பு ஊர்வது போல எழுத்து. மூன்று மணிக்கு வெளியீட்டு விழா. அதற்குள் ஆயிரம் பிரதி வேண்டுமாம்.

நான் கை நீட்டினேன். "தொடாதம்மா, ரகசியம்" என்று அவரே அதைக் கண்ணாடியில் கவிழ்த்தார். ஆயிரம் பேருக்குக் கொடுக்கப்போகிற ரகசியம்.

பொத்தானை அமுக்கினேன். மெஷின் முனகிவிட்டு, கரியைக் குழைத்துப் பூசியது போல ஒரு தாளைத் துப்பியது. அடுத்ததும் அப்படியே.

"எதை அமுக்கித் தொலைச்ச?" என்று ஓடி வந்தார் சித்தப்பா. கடை அவருடையது. தட்டினார், ஊதினார், தாளை மாற்றினார். அதிகாரியின் அடையாள அட்டையை வைத்தால் பல் தெரிய நகல் வந்தது. துண்டறிக்கையை வைத்தால் மறுபடியும் கறுப்பு.

"மெஷின் ஓட்ட வேற ஆளே கிடைக்கலயா? ஒரு வாயில்லாப் பூச்சியைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கீங்க. வங்கி ஆர்டரை மறந்துடுங்க" என்றார் அதிகாரி.

சித்தப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளையிலேர்ந்து நீ கடைக்கு வராத."

எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். இந்தக் கடையிலோ உயில், மொட்டைக் கடிதம், விவாகரத்து மனு என்று எது வந்தாலும் சத்தமில்லாமல் படித்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வேலை எனக்கு வேறெங்கே கிடைக்கும்?

அதிகாரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "மெஷின் கோளாறு சார். நம்ம பக்கம் எல்லாம் பக்கா."

நான் மூடியைத் தூக்கி, துண்டறிக்கையை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். அவர் திரும்பி வந்ததும் பதினோராவது குறிப்பில் விரலை வைத்து நீட்டினேன். சித்தப்பா எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்:

"இந்நோட்டின் படத்தை நகல் இயந்திரம் ஏற்காது. நகலெடுக்க முயல்வோர் குறித்து அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு உடனே தகவல் தரவும்."



"இதை எழுதினது யாரு சார்?" என்று நிமிர்ந்தார் சித்தப்பா.

"எங்க... கமிட்டிதான். நான் தலைவர்."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நேரத்தோட வந்துரும்மா." பிறகு அதிகாரியிடம் மிகுந்த பணிவோடு, "ஸ்டேஷன் அடுத்த தெருதான் சார். நாங்க தகவல் குடுக்கட்டுமா, இல்ல நீங்களே போய்க் குடுத்துடுறீங்களா?" என்றார்.

அதிகாரி துண்டறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். குனிந்து, கறுப்புத் தாள்களை ஒன்று விடாமல் பொறுக்கினார். படியிறங்கிப் போனார்.