பதினோராம் எண்

ஜூன் 14, ஞாயிறு.

முதலில் தவறு. ஸ்கேல் அக்காவின் சக்கர நாற்காலியின் அகலத்தை 58 செ.மீ. என்று எழுதியிருந்தேன். 66 என்பதே சரி. சக்கரத்துக்குச் சக்கரம் அளந்தேனே தவிர, கையால் தள்ளும் வளையத்தையும் அதைப் பிடிக்கும் கையையும் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஸ்கேல் அக்கா என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப நான் கைய வீட்ல கழட்டி வச்சுட்டு வரணுமாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சிரிப்பாக இல்லை.

எங்களுடையது கட்டட வரைபட மாலை வகுப்பு. பகலில் ஆளுக்கொரு வேலை, ஆறரைக்கு வகுப்பு. பதினைந்து பேர். கடைசி வருகை எண் பதினாறு. பத்துக்குப் பிறகு மாஸ்டர் நேராகப் பன்னிரண்டு என்றுதான் கூப்பிடுவார். காரணம் கேட்டேன். "எனக்கு முன்னாடி இருந்தவரும் விட்டுட்டுத்தான் கூப்பிட்டாராம். பழக்கம்" என்றார்.

பதினாறாம் எண் ஸ்கேல் அக்கா. அளவுகோல் வைக்காமலே நேர்கோடு போடுவார், அதனால் அந்தப் பெயர். எப்போதும் அளவு நாடாவோடு திரிவதால் நான் டேப்பு. போன சுற்றுலாவில் நாங்கள் மலைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் நான்கு மணி நேரம் பஸ்ஸிலேயே இருந்தார். "இன்னொரு தடவை என்னைக் காவலுக்கு வச்சீங்கன்னா, வகுப்புக்கே ஒரு கும்பிடு" என்று அப்போது சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இந்த வாரம் அவருடைய வரைபலகை வகுப்பில் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அதனால்தான் வருகிற சனிக்கிழமை விருந்துக்கு இடம் பார்த்து வரும் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கினேன். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டு மாணவர்களும் போகும் அதே பழைய கட்டடம், மூன்றாம் மாடி விருந்துக்கூடம். லிஃப்ட் உண்டு என்று மேனேஜர் போனில் சொல்லியிருந்தார்.

இன்று மதியம் மூன்று மணிக்குப் போனேன். லிஃப்ட் இருந்தது. கதவின் அகலம் 62. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 62.

எங்கள் வகுப்பு லீடர் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நாலு செ.மீ.க்கு ஏண்டா இந்தப் பாடு? அவங்க கீழ இருக்கட்டும். நாம மேல போய் எடத்தப் பிடிச்சிட்டு, அஞ்சு நிமிஷத்துல வந்து தூக்கிக்கலாம்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் ஸ்டூலில் இருந்த வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார்.

"அதே அஞ்சு நிமிஷமா?" என்றார்.

"எந்த அஞ்சு நிமிஷம் சார்?"

"நீ வரைபட க்ளாஸ்தானே, தம்பி? நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் உங்க ஆளுங்க ஒருத்தரை இங்கதான் நிறுத்தினாங்க. அவரும் சக்கர நாற்காலிதான். அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு மேல போனாங்க. சாப்பிட்டாங்க, பேசினாங்க, பின்பக்கப் படியில இறங்கிப் போயிட்டாங்க. மறந்துட்டாங்க, அவ்ளோதான்."

"அவர்?"

"என் ஷிப்ட் முடியற வரைக்கும் இருந்தார். காலைல வந்து பார்த்தேன், இல்ல. நாற்காலியும் இல்ல. வெளிய போறதப் பார்த்தேன்னு யாரும் சொல்லல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சில சாயங்காலம் லிஃப்ட் தானா கீழ வரும். கதவு திறக்கும். ரொம்ப நேரம் மூடாது. உள்ள நுழைய முடியாத ஆளுக்காக நிக்கற மாதிரி."

படிக்கட்டுக்கு அடியில் அந்த இடத்தைக் காட்டினார். தரையெல்லாம் தூசி. அதில் இரண்டு சக்கரத்தடங்கள் சுவர்வரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. உட்கார்ந்திருப்பவர் கை எட்டும் உயரம். கிட்டப் போய்ப் பார்த்தேன். இந்தக் கட்டடத்தின் தரைத்தள வரைபடம். படிக்கட்டு, தூண்கள், லிஃப்டுக்குக் குறுக்குக்கோடு போட்ட பெட்டி, எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. லிஃப்ட் கதவில் 62 என்று எழுதியிருந்தது. அதன் எதிரே ஒரு நாற்காலி, 66. வரைந்தவர் வளையத்தையும் கையையும் சேர்த்து அளந்திருந்தார். படிக்கட்டுக்கு அடியில் ஒரு செவ்வகம், முழுக்கோடு. உள்ளே 11.

அதையொட்டி இன்னொரு செவ்வகம். விட்டுவிட்டுப் போட்ட கோடு. உள்ளே 16.

முதல் வாரமே மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். எங்கள் வரைபடங்களில் முழுக்கோடு என்றால் இருப்பது. விட்டுவிட்டுப் போட்டால் இனி வரப்போவது.

விரலை வைத்தேன். கரி ஒட்டிக்கொண்டது. பழைய பென்சில் கோடு அப்படி ஒட்டாது.

எனக்குப் பின்னால் மணி அடித்தது. லிஃப்ட் கீழே வந்திருந்தது. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. வாட்ச்மேன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மனதுக்குள் எண்ணினேன். நூற்று நாற்பதில் மூடியது. நான் வேகமாக எண்ணியிருக்கலாம்.

பையிலிருந்து ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். 11 போகவில்லை. 16-இன் கோடுகள் மங்கின, ஆனால் அழியவில்லை.

நேராக மேனேஜரிடம் போனேன். தரைத்தளத்தின் முன்கூடத்தில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. விருந்து அங்கேயே வேண்டும் என்றேன்.

"கீழ காத்து வராதே."

"பரவால்ல சார். எல்லாரும் ஒரே எடத்துல இருப்போம்."

லீடர் அண்ணன் போனில் கத்தினார். ஜன்னல் இல்லாத இடத்தில் என்ன விருந்து என்றார்.  "அப்போ நீங்க எல்லாரும் மேல போங்க. நான் அக்காவோட கீழ இருக்கேன். அஞ்சு நிமிஷமில்ல, கடைசி வரைக்கும்" என்றேன்.  "சரி, கீழயே வை" என்றார்.

ஸ்கேல் அக்காவிடம் சுவரைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று தெரியவில்லை. இடம் மாறியதை மட்டும் போனில் சொன்னேன்.

"எனக்காகவா மாத்தினீங்க?" குரலில் சிரிப்பு இல்லை.

"லிஃப்ட் சரியில்லைக்கா. யாருமே அதுல ஏற வேண்டாம்."

"கதவு எவ்ளோ?"

"அறுபத்திரண்டு."

"இந்தத் தடவை கையச் சேர்த்துத்தான் பார்த்திருக்க" என்றார். "பலகைய நாளைக்குக் கொண்டு வரேன்."

கிளம்பும் முன் மறுபடி போய்ப் பார்த்தேன். 16 இருந்த இடம் வெறும் சுண்ணாம்பு. நான் தேய்த்த அழுக்குகூட இல்லை. 11 மட்டும் இருந்தது.  ஆனாலும் உடனே வெளியேறவில்லை. அப்படிப் போனால் பதினோராம் எண்காரரை இன்னொரு முறை விட்டுவிட்டுப் போவதாகத் தோன்றியது. "சனிக்கிழமை கீழதான் சாப்பிடறோம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். வாட்ச்மேன் கேட்டிருப்பார்.

நாளை செய்ய வேண்டியது: முன்கூடத்து வாசற்படி 4 செ.மீ. உயரம், அதற்குச் சரிவுப் பலகை அறுக்கக் கொடுக்க வேண்டும். ஆறரைக்கு முன்பே மாஸ்டரைப் பார்த்து, பத்துக்குப் பிறகு பதினொன்று என்று கூப்பிடச் சொல்ல வேண்டும். கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்கவும் சொல்ல வேண்டும்.