வயலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வரி

2011ஆம் ஆண்டு ஐப்பசியிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே உள்ள வயல்களில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் எப்படி இணைத்திருந்ததோ அப்படிப் பாயத் தொடங்கியது. அந்த மாதம் யூரியாவுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் முதலில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடுவதில் வருஷா வருஷம் நடக்கும் சண்டையைத் தீர்க்க நினைத்த பாசன சங்கத் தலைவர் பஞ்சநதம், கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்த தஹ்மீனாவிடம் ஒரு ப்ரோகிராம் எழுதித் தரச் சொல்லியிருந்தார். தஹ்மீனா திருச்சியில் எம்.சி.ஏ. முடித்தவள். விவரங்களை அடுக்கிவைக்கும் டேபிள்களைத் தனியாகக் கட்டாமல் எல்லாவற்றையும் ப்ரோகிராமிலேயே எழுதினாள்: வாய்க்கால் என்று ஒரு மாடல், வயல் என்று ஒரு மாடல், ஒவ்வொரு வயலும் ஒரு வாய்க்காலைச் சேர்ந்தது என்று இரண்டையும் இணைக்கும் ஒரு வரி. அதை ஓட்டியதும் டேட்டாபேஸில் டேபிள்கள் தாமாக அமைந்தன. அன்று மாலையே குடமுருட்டி ஆற்றுத் தண்ணீரும் அந்த வரிக்கு அடங்கியது. எழுதியபடி மேட்டு வயலுக்கு ஏறியது, முறை முடிந்ததும் தானே நின்றது. மடையில் காவல் இருந்தவர்கள் வீட்டில் தூங்கினார்கள். பஞ்சநதம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

பாத்திமா மேரியின் வயல் மட்டும் டேபிளில் இல்லை. அது எந்த வாய்க்காலையும் தொடாத உள்வயல். மேலே இருக்கும் வேதநாயகத்தின் வயல் நிறைந்ததும் அவர் வரப்பில் ஒரு வாய் வெட்டிவிடுவார், அதன் வழியே இறங்கும் தண்ணீரைத்தான் அது குடித்துவந்தது. கொடு என்று அவள் கேட்டதில்லை, கொடுத்தேன் என்று அவர் சொன்னதுமில்லை. வாய்க்கால் இல்லாத வயலை ப்ரோகிராம் ஏற்க மறுத்தபோது, அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிய தஹ்மீனா பிறகு மறந்துபோனாள். மேரியின் கணவர் குவைத்துக்குப் போனவர். அவரிடமிருந்து தகவல் நின்று நாளாகிவிட்டது. அந்த இரண்டு மா நிலத்தில் விளைவதுதான் அவளுக்கும் மகள் பிரின்ஸிக்கும் ஆண்டு முழுக்கச் சோறு.

மழைக்கு யாரும் டேபிள் போடாததால் அது எல்லோருக்கும் பெய்தது. கார்த்திகை வரை பயிர் தாங்கியது. மார்கழி பிறந்ததும் மழை நின்றது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மேரியின் வயல் வெடிக்கத் தொடங்கியது. வேதநாயகம் வழக்கம்போல மண்வெட்டியால் வரப்பை வெட்டினார். வெட்டிய வாயில் தண்ணீர் கண்ணாடிப் பலகைபோல நின்றது, ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தார்கள். குழாயிலிருந்து வந்த தண்ணீர் காற்றிலேயே வளைந்து அவர் வயலுக்கே திரும்பியது. மேரி குடத்தில் சுமந்துபோய்க் கவிழ்த்தாள், குடம் காலியாகவில்லை. டீக்கடையில் மருதையன், "தண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சுபோச்சுடா, இனிமே அதுக்கு மனு போட்டாத்தான் வரும்" என்றான். சிரித்தவர்கள் மேரி வருவதைக் கண்டதும் டீ கிளாஸுக்குள் பார்த்தார்கள்.

அவள் நேரே சென்டருக்குப் போனாள். "தங்கச்சி, என் வயல் ஒண்ணு இருக்குன்னு அந்தத் தண்ணிகிட்ட சொல்லும்மா. கதிர் ரொம்ப நாள் தாங்காது."

"தப்பு என்னுதுதாங்கக்கா" என்று தஹ்மீனா எழுந்து நின்றாள்.

முதலில் அந்த வயலை அருகிலிருந்த வாய்க்காலோடு இணைத்துப் பார்த்தாள். தண்ணீர் வாய்க்காலைவிட்டு ஏறி, விலாசம் தெரியாதவனைப்போலப் பகலெல்லாம் வரப்புகளைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிற்று. உண்மை எதுவோ அதைத்தான் எழுதவேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு வயல் இன்னொரு வயலிடமிருந்தும் தண்ணீர் பெறலாம் என்று, வயல் மாடலுக்குள்ளேயே வயலைச் சுட்டும் வரி ஒன்று வேண்டும். ஆனால் மேல்வயல்காரர் கையெழுத்துப் போடாமல் எந்த இணைப்பும் ஏறக்கூடாது என்பது சங்கத்தின் விதி.

கையெழுத்து என்றதும் வேதநாயகம் தயங்கினார். பெங்களூரில் கம்பெனி வேலையிலிருக்கும் அவர் மகன் கிளாட்சன், அந்த வயலை ப்ளாட் போடுகிறவர்களுக்குத் தையில் விற்கப் பேசி வைத்திருந்தான். வயல் வழியே அடுத்தவருக்குத் தண்ணீர் போகிறது என்று பதிவு ஏறினால் விலை விழுந்துவிடும். அவர் சென்டருக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, நான் கையால விடுறேன்கிறேன். நீ எழுத்தால விடச் சொல்றியே."

"கையால விட்டா போகமாட்டேங்குதுங்களேய்யா."

"நாளைக்கு வித்துட்டேன்னு வை. அப்ப?"

அதற்கும் அந்த வரியிலேயே பதில் எழுதவேண்டும் என்று தஹ்மீனா விளக்கினாள். மேல்வயலை டேபிளிலிருந்து நீக்கினால் கீழ்வயலும் கூடவே நீங்கும் என்று எழுதலாம். எதுவும் சொல்லாமல் விட்டால் ப்ரோகிராம் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். இணைப்பு மட்டும் அறும் என்று எழுதலாம். கீழ்வயல் நம்பியிருக்கும்வரை மேல்வயலை யாராலும் நீக்கமுடியாது என்றும் எழுதலாம். "முதலாவது மட்டும் வேணாங்கய்யா. அக்காவோட வயலே மண்ணோட இல்லாம போயிடும்" என்றாள். குடத்தைவிட்டு இறங்காத தண்ணீரைப் பார்த்திருந்தவர்கள் அதைச் சந்தேகிக்கவில்லை.

கிளாட்சன் போனில், "ரெண்டாவதைப் போடச் சொல்லுங்கப்பா. இந்த வருஷம் அவங்களுக்கு விளையட்டும், தையில நாம வித்துடலாம். யாருக்கும் நஷ்டமில்ல" என்றான்.

அது நியாயமாகத்தான் பட்டது. வேதநாயகம் யோசித்துக்கொண்டே வரப்புக்குப் போனார். மேரி ஒரு கதிரைக் கிள்ளி, நெல்லை நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் பால் வற்றியிருந்தது. அவரைக் கண்டதும் கதிரைக் கீழே போட்டாள். "வெயில்ல நிக்கிறீங்களேண்ணே" என்று, குடிக்க வைத்திருந்த சொம்பை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். ஆண்டவர் பெரிய காரியங்களையும் சின்னச் சொம்பில்தான் ஊற்றிக் கொடுக்கிறார் என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. வேதநாயகம் சென்டருக்குத் திரும்பிப்போய், "மூணாவதைப் போடும்மா" என்று கையெழுத்திட்டார்.

தஹ்மீனா ஓட்டத் தொடங்கியதும் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பழைய வயல்களுக்கெல்லாம் 'மேல்வயல் எது' என்ற புது இடத்தில் என்ன போடுவது என்று கேட்டுப் ப்ரோகிராம் நின்றது.

வாசலில் நின்ற பஞ்சநதம், "பாதியில அணைஞ்சா மத்த வயல் தண்ணி என்னம்மா ஆவும்?" என்றார்.

"தெரியாதுங்க" என்றாள் அவள். பிஸ்மில்லா சொல்லி, அந்த இடம் காலியாகவும் இருக்கலாம் என்று எழுதி மறுபடி ஓட்டினாள். மேரியின் வயலை வேதநாயகத்தின் வயலோடு இணைத்துச் சேமித்தாள். அடுத்த நொடி திரை இருண்டது. ஏறியதா இல்லையா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. வேதநாயகத்தோடு சேர்ந்து மூவரும் பஞ்சநதத்தின் டிவிஎஸ்ஸிலும் கிடைத்த ஆட்டோவிலுமாக வயலுக்கு ஓடினார்கள். வரப்பு வாயிலிருந்த கண்ணாடி நெகிழ்ந்திருந்தது. தண்ணீர் மெல்ல இறங்கி, வெடிப்பு வெடிப்பாக நிரப்பிக்கொண்டு போனது. வரப்பிலேயே காத்திருந்த மேரி சேற்றில் முழங்காலிட்டாள்.

அறுப்பில் பாதி பதர். மீதி, இரண்டு பேர் ஆண்டு முழுக்கச் சாப்பிடப் போதுமானதாக இருந்தது. தையில் வயலை வாங்க வரவேண்டியவர்கள் வரவில்லை. கிளாட்சன் கோபத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்கு வராமல் இருந்து, அடுத்ததற்கு வந்தான். வேதநாயகம் காலமான பிறகு வேறொருவர் குறைந்த விலைக்கு அந்த வயலை வாங்கி, கிராவல் மண் கொட்டி, சிமெண்ட் ரோடு போட்டு ப்ளாட்டுகளாக விற்றார். டேபிளிலிருந்து அந்த வயலை நீக்கப் பார்த்தபோது ப்ரோகிராம் மறுத்துவிட்டது. ஆகவே சம்பாப் பருவத்தில் இன்றும் முறை வரும்போது தண்ணீர் சிமெண்ட் ரோட்டின்மேல் ஏறி, வீடுகளுக்கு நடுவே கணுக்கால் அளவு நடந்து, மேரியின் வயலில் இறங்குகிறது. குடியிருப்பவர்கள் பைக்குகளை ஓரமாக நகர்த்தி, வாசல் செருப்புகளை எடுத்து உயரே வைக்கிறார்கள். மூன்றாவது வீட்டு அம்சம் என்கிற அம்மாள் மட்டும் முதல் வருஷம் கோலம் அழிகிறதென்று சத்தம் போட்டார். இப்போது அந்த நாட்களில் தண்ணீர் போன பிறகு கோலம் போடுகிறார்.