கல்பள்ளியும் தவிட்டுத் தண்ணீரும்

நாகூர் மீரானுக்கு ஒரு வேண்டாத பழக்கம் இருந்தது. ஏதாவது சொல்லிவிட்டால், சொன்னது சரிதானா என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வான். அந்தத் தொல்லைக்காகவே பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. பகலில் தாராவியில் ஷேக் பரீதின் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதினான். மாலையில் மாதுங்காவுக்கு நடந்துபோய்ச் சரித்திரம் படித்தான். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டான். அப்படிப்பட்டவன் கல்பள்ளி விஷயத்தில் மட்டும் பேசிவிட்டான். அதுவும் சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு எதிராக.

ரயில் பாதையைத் தாண்டி மாஹிமுக்குள் போனால், கழிமுகத்துக்குப் பக்கத்தில், மீன்வலை காயும் ஒரு சந்தின் கடைசியில் அந்தப் பள்ளிவாசல் இருந்தது. ஊரார் கல்பள்ளி என்பார்கள். குஜராத் சுல்தான்கள் மாஹிமை ஆண்ட காலத்தில், கப்பலோட்டிகள் கட்டியது என்று சொல்லிக்கொண்டார்கள். எந்த சுல்தான், எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வெளியே இருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே போனால்தான் தெரியும். கருங்கல் தூண்கள் இரண்டு வரிசை. ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவில் சாந்து கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று தானாகப் போய் உட்கார்ந்ததுபோல் இருக்கும். மேல்தளத்துக் கற்களைக் கண்ணுக்குத் தெரியாத சரிவில் வைத்திருந்தார்கள். எத்தனை பெரிய மழையானாலும் தண்ணீர் முழுக்க முற்றத்துத் தொட்டிக்கே வந்து சேரும். அந்தத் தண்ணீரில்தான் இன்றைக்கும் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்தார்கள். பம்பாய் மழைக்கு மாடிக் கட்டடங்களே ஒழுகிக்கொண்டிருந்த ஜூலை மாதத்தில், அங்கே பாய் நனைந்து மீரான் பார்த்ததில்லை. அந்தக் கொத்தர்களை நினைத்தால் அவனுக்கு மலைப்பாக இருக்கும். அளவுநாடாவோடு ஒருநாள் போய்த் தூண்களுக்கு இடையே அளந்து பார்த்தான். எல்லா இடைவெளியும் ஒன்றுபோல் வந்ததும், தான்தான் தவறாக அளந்துவிட்டோம் என்று மறுபடியும் அளந்தான்.

மேற்குச் சுவரில், இமாம் நின்று தொழுகை நடத்தும் மிஹ்ராப் வளைவுக்கு மட்டும் அழகு போதாது என்று எல்லோரும் நினைத்தார்கள். வருஷாவருஷம் ரமலானுக்கு முன் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். தூண்களில் சுண்ணாம்பு நிற்காமல் உதிர்ந்துவிடும். உள்வாங்கிய வளைவில் அது உதிராமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, தலையணைபோல் உப்பிக் கிடந்தது. அந்த வருஷம், அறுபத்து நாலில், ஷேக் பரீத் தன் தாயார் நினைவாக அந்த வளைவு முழுக்கப் பளிங்கு போன்ற பச்சை ஓடு பதித்துத் தருவதாகச் சொன்னார். ஓடுகள் வந்தும் இறங்கிவிட்டன. பள்ளிக் கமிட்டிக்குச் சந்தோஷம்.

வேலையை ஒப்புக்கொண்ட கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சிமெண்டு பிடிக்கவேண்டும், கல்லில் குழிகுழியாகக் கொத்திவிடணும் என்று சொன்னபோது மீரான் அங்கேதான் இருந்தான். தொழுதுவிட்டு வளைவின் ஓரத்தில் சாய்ந்து உட்காரும்போதெல்லாம், சுண்ணாம்பு பெயர்ந்த ஓரிடத்தில் அவன் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டிருந்தது. கல்லில் செதுக்கிய ஒரு வளையம். அதற்குள் கோத்த இன்னொரு வளையத்தின் பாதி. மிச்சம் சுண்ணாம்புக்குள் போயிருந்தது. கொத்தினால் அதுவும் போய்விடும். பிறகு உலகத்தில் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பள்ளியின் பொறுப்பாளர் பார்க்கர் சாஹிப், மாஹிமிலேயே பிறந்த கொங்கணி முஸ்லிம். மீரான் அவரிடம் போய் உடைந்த இந்தியில், உள்ளே சங்கிலி இருக்கிறது, சங்கிலி இருந்தால் அதில் எதுவோ தொங்கவேண்டும் என்றான். பார்க்கர் அந்த வளையத்தைத் தடவிப் பார்த்தார். முன்பு ஒருமுறை உளி வைத்துச் சுண்ணாம்பைத் தட்டினார்களாம். கல்லும் சேர்ந்து பெயர்ந்ததாம். இரும்பு படாமல் எடுத்துக் காட்ட முடிந்தால் கமிட்டியில் பேசலாம் என்றார். கொத்தனார் திங்கட்கிழமை லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்கு முன்னால் வருகிறார், அதுவரைதான் நேரம்.

விஷயம் ஷேக் பரீதின் காதுக்கு எட்டத் தாமதமாகவில்லை. மேலப்பாளையத்துக்காரர். கோபம் வந்தால் கத்தமாட்டார், சிரிப்பார். கணக்குப் பிள்ளையை மேஜைக்கு முன் நிற்கவைத்துச் சிரித்தார்.

"என்னலே மீரான், எங்க உம்மா பேருல நான் ஓடு ஒட்டுனா ஒனக்கு வலிக்குதோ?"

"இல்ல மொதலாளி. உள்ள வேல இருக்கு. கொத்துனா போயிரும்."

"கண்ணால பாத்தியா?"

"வெரலால பாத்தேன்."

"வெரலால பாத்தானாம்." அவர் பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பினார். "சரி, காட்டு. ஒண்ணுமில்லன்னு வந்துச்சு, பள்ளியில நாலு பேருக்கு முன்னால நீயே சொல்லணும், நான் ஒளறிட்டேன்னு. அப்புறம் எங்கிட்ட வேல கேட்டு நிக்கக்கூடாது."

சுண்ணாம்பை எப்படி இறக்குவது என்பதற்கு மீரான் புத்தகம் தேடவில்லை. அது ஷாப்பில் தினமும் நடக்கிற வேலை. மயிர் கழிய, தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போடுவார்கள். பிறகு தோலுக்குள் ஏறிய சுண்ணாம்பை வெளியே எடுக்க, புளித்த தவிட்டுத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கத்தி வேண்டாம், கீறல் விழாது. தொட்டி வேலை பார்க்கும் இசக்கிப்பாண்டியிடம், இது கல்லுக்கும் ஆகுமா என்று கேட்டான்.

"சுண்ணாம்புக்கு அது ஏறியிருக்கது தோலா கல்லான்னு தெரியவா போவுது தம்பி?" என்றார் இசக்கிப்பாண்டி. "ஆனா மொதலாளிக்கு எதிரா என்னையும் இழுக்கியே. எம் பொண்டாட்டி கேட்டா, நீதான் பிடிச்சு இழுத்தேன்னு சொல்லுவேன்."

பார்க்கர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தோல் ஊறிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் பள்ளிக்குள் வரக்கூடாது. மீரான் எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். குயவர்கள் இருக்கும் கும்பாரவாடாவில் புதுப்பானை வாங்கினான். மாவு மில்லில் புதுத் தவிடு. குழாய்த் தண்ணீர். தன் அறையிலேயே புளிக்கவைத்ததில், பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் உதிர்ந்து கிடந்த கருங்கல் துண்டு ஒன்றை அதில் போட்டுப் பார்த்தான். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை கண்ணுக்குத் தெரியாமல் ஆகியிருக்குமோ என்று இன்னொரு துண்டும் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை லுஹர் முடிந்ததும், இசக்கிப்பாண்டி அலசிக் காயவைத்துக் கொண்டுவந்த சாக்குகளைத் தவிட்டுத் தண்ணீரில் நனைத்து, வளைவு முழுக்க அப்பி, கயிறு கட்டினார்கள். அன்றைய மிச்சத் தொழுகைகளை இமாம் நடுத் தூண் வரிசையில் நின்று நடத்தினார். புளிப்பு வாடையில் ஒருவர் தும்மிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை ஷேக் பரீத் கொத்தனாரோடு வந்து சேர்ந்தார். கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மீரான் சாக்கை உரித்தான்.

வெள்ளை வளைவு பழுப்பும் கறுப்புமாகக் கறை பிடித்துக் கிடந்தது.

மீரான் கையிலிருந்த சாக்கைப் பார்த்தான். பானையைச் சோதித்தான், தவிட்டைச் சோதித்தான், சாக்கைச் சோதிக்கவில்லை. அவை தோலைப் பதனிட ஆவாரம்பட்டை கட்டி வந்த சாக்குகள். எத்தனை அலசினாலும் பட்டைச் சாறு இழைக்குள் நிற்கும். மற்றவர்கள் பார்த்தால் அழுக்கு என்று உடனே தெரிந்திருக்கும். ஷாப்பில் இருப்பவர்களுக்குச் சாக்கு என்றாலே அந்த நிறம்தான்.

சாக்கில் தோல் பட்டதா என்று பார்க்கர் கேட்டார். இல்லை, பட்டை மட்டும்தான் என்றான் மீரான்.

ஷேக் பரீத் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"பள்ளிச் சொவத்தத் தோலாக்கிட்டியேலே."

நான் உளறிவிட்டேன் என்று சொல்லவேண்டிய நேரம் அது. மீரானுக்கு அதைச் சொல்வதில் கஷ்டம் இருந்திருக்காது. அவன் பாதி நாள் தன்னிடமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் முதலில் கறையைக் கழுவியாகவேண்டும். தொட்டியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றி, வெறுங்கையால் தேய்த்தான். ஊறிய சுண்ணாம்பு தயிராடைபோல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேடான இடத்தில் கல் தெரிந்தது. பள்ளத்தில் தடித்துக் கிடந்த சுண்ணாம்பு மட்டும் இறங்காமல், பட்டைச் சாற்றைக் குடித்த பழுப்போடு அப்படியே நின்றது. மீரான் கிட்டத்தில் நின்றதால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கறை போகவில்லையே என்று மறுபடியும் தண்ணீர் ஊற்றினான்.

"ஏ தம்பி, கைய எடு," என்றார் வாசல்படியில் நின்ற இசக்கிப்பாண்டி. "இங்கன வந்து நின்னு பாரு."

பின்னால் நகர்ந்து பார்த்தான். வளைவின் உச்சியிலிருந்து மூன்று சங்கிலிகள் இறங்கின. வளையத்துக்குள் வளையம், ஒவ்வொன்றும் தனித்தனியாக. அவை வந்து சேருமிடத்தில் ஒரு விளக்கு. கழுத்து மெலிந்து, வயிறு பருத்து, அடியில் சின்னதாகப் பாதம் வைத்த விளக்கு. மை போட்டு எழுதியதுபோல் ஒவ்வொரு கோடும் பழுப்பில் துலங்கியது. விளக்கின் வாயில் சுடர் செதுக்கியிருந்தார்கள். அந்தச் சுடர் நேராக நிற்கவில்லை. கழிமுகம் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று வந்ததுபோல் லேசாகச் சாய்ந்திருந்தது. கல்லில் காற்றைக் காட்டியிருக்கிறானே என்று மீரான் நினைத்தான். அந்தச் சந்தில் எந்நேரமும் அதே பக்கத்திலிருந்துதான் காற்று அடித்தது.

பார்க்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கொத்தனார் உளியைப் பைக்குள் வைத்துவிட்டு, இதைச் செய்தவன் காலைத் தொட்டுக் கும்பிடணும் என்று மராத்தியில் முணுமுணுத்தார். ஷேக் பரீத் செருப்பில்லாத காலோடு ஈரத்தில் நடந்துபோய், சங்கிலியின் ஒரு வளையத்துக்குள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு மேலயா ஓடு ஒட்டச் சொன்னேன்," என்றார், யாருக்கென்று இல்லாமல். பிறகு திரும்பி, "மீரான், இந்த நாத்தம் எப்பல போவும்?" என்றார்.

"கழுவக் கழுவப் போயிரும் மொதலாளி."

"அப்ப கழுவு. கணக்க நாளைக்கு எழுதிக்கலாம்."

ஓடுகள் ஒளுச் செய்யும் தொட்டியின் சுவருக்குப் போயின. பச்சை ஓட்டில் மழைத் தண்ணீர் இன்னும் தெளிவாகத் தெரிவதாக எல்லோரும் சொன்னார்கள். அம்மா பெயரில் தாகத்துக்கும் ஒளுவுக்கும் தண்ணீர் கிடைப்பது இன்னும் பெரிய நன்மை என்று இமாம் சொன்னதில் ஷேக் பரீதுக்கு மனசு நிறைந்தது. விளக்கின் பள்ளங்களில் மிச்சமிருந்த சுண்ணாம்பை மீரானும் இசக்கிப்பாண்டியும் மூங்கில் சிம்பால் எடுத்தார்கள். இந்தத் தடவை சாக்கு புதுசு.

இது எந்த வருஷத்து வேலை என்று பார்க்கர் மீரானிடம் கேட்டார். வாசலில் ஒரு பலகை வைக்க ஆசை அவருக்கு. தெரியவில்லை, யூகித்துச் சொல்ல மனசு வரவில்லை என்றான் மீரான். பலகை வைக்கவில்லை.

ரமலானுக்கு முன் வழக்கம்போல் சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் வந்தார்கள். வருஷாவருஷம் அடிக்கிற கை. வளைவின் பக்கம் வந்ததும் சுண்ணாம்பு மட்டை தானாக உள்ளே போகப் பார்த்தது. அன்று பள்ளியில் ஷேக் பரீத் இருந்தார். எழுந்துபோய் மட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விரலைச் சுண்ணாம்பு வாளியில் தோய்த்து, வளைவைச் சுற்றி, கல் தொடங்குமிடத்துக்கு வெளியே ஒரு கோடு இழுத்தார். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அவர்கள் அந்தக் கோட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.