மேசையில் இரண்டாம் தட்டு

1

இந்தக் கதை, சுவருக்கு அடிக்க பெயின்ட் வாங்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. கொஞ்சம் கௌரவமான இடத்தில் கிடைத்ததாக எழுதலாமே என்று முதலில் ஆசைப்பட்டேன். அதற்காக ஒரு தொடக்கம்கூட எழுதிப் பார்த்தேன்:

‘கைவிடப்பட்ட கதைகளுக்கென்று தனியாக ஒரு வானம் இருக்குமானால், அதில்’

அதில் என்ன இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. வாக்கியத்தை அப்படியே போட்டு வைக்கிறேன், தாண்டிப் போங்கள்.

கடையில் நிறம் கலந்து கொடுத்த பெண் முன்பு கார்ட்டூன் தொடர்களுக்குப் பின்னணி வரைந்தவர். ஓடுகிற ஆட்களை வேறு யாராவது வரைவார்கள். அவர்கள் ஓடும் தெரு, ஏறும் படி, உட்கார்ந்து சாப்பிடும் மேசை எல்லாம் இவர் பொறுப்பு. நான் கேட்ட மஞ்சளைக் கலந்து, டப்பா மூடியில் ஒரு சொட்டு வைத்து, அது காய்வதற்காகக் காத்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் நான்தான் வாயைக் கொடுத்தேன். சொட்டு காய்ந்து பளபளப்பு போனபிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க,” என்றார். ஆகவே அவர் இங்கே ஓவியர்.

2

ஓவியர் கடைசியாக வேலை பார்த்த தொடரை ‘மேகப் பட்டறை’ என்று வைத்துக்கொள்வோம். (உண்மைப் பெயர் இதைவிட நன்றாக இருந்தது. என்ன செய்வது.) பழைய தொடரில் ஓர் அண்ணனும் தங்கையும் கிழிந்த மேகங்களைத் தைத்துக் கொடுத்துப் பிழைப்பார்கள். கடைசிப் பகுதியில், நழுவிப் போன மேகம் ஒன்றைப் பிடிக்க அண்ணன் ஏணியில் ஏறிப் போவான். ஏணி ஆடிக்கொண்டே இருக்கும். தொடர் அத்தோடு முடிந்துபோனது.

பல வருடங்களுக்குப் பிறகு அதைப் புதிதாக எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். ஒரு சின்ன முன்னோட்டம் வந்தது. பிறகு முதலாளிகள் மாறினார்கள், தொடரை ரத்து செய்தார்கள், ஓவியர் பெயின்ட் கடைக்கு வந்து சேர்ந்தார்.

ரசிகர்கள் மட்டும் எங்கும் போகவில்லை. இணையத்தில் ஒரு குழு வைத்துக்கொண்டு, எடுக்கப்படாத பகுதிகளில் என்னென்ன நடந்திருக்கும் என்று வரிந்துகட்டிக்கொண்டு வாதாடினார்கள். அந்தக் குழுவுக்கு ஒரே சட்டம்: திரையில் தெரிந்தது மட்டும்தான் சாட்சி. ‘நான் கேள்விப்பட்டேன்’ என்று ஆரம்பிக்கிறவரை அந்த நிமிடமே வெளியே தள்ளிவிடுவார்கள்.

முன்னோட்டத்தில் வளர்ந்துவிட்ட தங்கை தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மேசையின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தட்டு இருக்கிறது. சண்டை முழுக்க அந்தத் தட்டைப் பற்றித்தான்.

“தட்டு இருக்குன்னா ஆள் வரப்போறான்னு அர்த்தம்,” என்று எழுதினார் ‘அடுப்படி’ என்ற புனைபெயர்க்காரர்.

“தட்டு காலியா இருக்கு. வரமாட்டான்னுதான் அர்த்தம்,” என்று எழுதினார் ‘தகரம்’.

“காலியா இருந்தாத்தானே சோறு போட முடியும்?”

இந்தக் கூத்தை ஓவியர் மழை பெய்த ஒரு சாயங்காலம் தன் அறையில் படித்துக்கொண்டிருந்தார். தனியாக இருப்பவர். ஜன்னலை ஒட்டி ஒற்றைக் கட்டில், வரைய உட்காராத வரைபலகை மேல் துவைத்த துணிகள், கதவு மூலையில் ஈரம் சொட்டும் இரண்டு குடைகள். எவ்வளவு தேய்த்தாலும் அவர் நகக்கண்ணில் பெயின்ட் போவதில்லை. குழுவில் அவர் பெயர் ‘சாம்பல்’. அந்த மேசையை வரைந்தவர் அவர்தான் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

3

(இது அடிக்குறிப்பாகப் போக வேண்டியது. அங்கே போட்டால் படிக்க மாட்டீர்கள்.

கணினியில் பின்னணி வரையும்போது ஒரே பரப்பில் எல்லாவற்றையும் வரைவதில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல அடுக்கு அடுக்காக வரைவார்கள். வேண்டாத அடுக்கை அணைத்து வைத்தால் படத்தில் தெரியாது. மேசையின் நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஓவியர் தனி அடுக்கில் ஒரு தட்டை வரைந்து வைத்திருந்தார். பார்த்து முடித்ததும் அணைக்க மறந்துவிட்டார். மேலதிகாரி கவனிக்கவில்லை. முன்னோட்டம் வெளியாகிவிட்டது.

அவ்வளவுதான் தட்டின் கதை. அண்ணன் வருவானா என்று தொடரை எழுதியவர்களும் முடிவு செய்திருக்கவில்லை. அவர்கள் உட்காரும் அறையின் பலகையில் ‘அண்ணன்’ என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்ததாம். அறையைக் காலிசெய்தவர்கள் அதையும் துடைத்துவிட்டார்கள்.)

அந்தச் சண்டையைப் படித்தபோது முதலில் ஓவியருக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு அடுப்படியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

4

அடுப்படி ஒரு பேக்கரிக்காரர். வயதானவர். அவரை நான் நம்பவில்லை. கார்ட்டூனில் வந்த ஒரு தட்டை நம்பி ஒரு பெரிய மனுஷர் வீட்டு விஷயத்தை முடிவு செய்வாரா? வாசகர்கள் என்னைக் கேலி செய்வார்களே என்று ஒரு வரைவில் அவரை இளைஞனாக்கிப் பார்த்தேன். உப்புச்சப்பில்லாமல் போயிற்று. ஓவியரிடம் என் சந்தேகத்தைச் சொன்னபோது அவருக்கு முகம் கடுத்தது. போனை எடுத்து அந்தச் செய்தியை என் முன்னால் நீட்டினார். அதில் இருந்தது இது:

“என் பெரியவன் சண்டை போட்டுக்கிட்டு வீட்ட விட்டுப் போயிட்டான்மா. வருஷம் ஓடிப்போச்சு. அவன் சின்னப் பையனா இருந்தப்ப நானும் அவனும் சேர்ந்து உக்காந்து பாத்தது இந்த மேகப் பட்டறை ஒண்ணுதான். எங்க இருந்தாலும் இதை எட்டிப் பாக்காம இருக்கமாட்டான்னு இந்த குரூப்லயே கெடக்கேன். இப்ப பொண்ணு தன்னோட வந்து இருங்கன்னு கூப்பிடுறா. வீட்ட வித்துட்டா, அவன் வந்தா எந்தக் கதவத் தட்டுவான்? வீட்டுக்காரிக்கு முட்டி வலி, மாடி ஏற முடியல, போயிடலாம்கிறா. நான்தான் அந்தத் தட்டப் பாத்துப் பாத்து இழுத்தடிக்கிறேன். பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியும். நீங்க ஒருத்தர்தான் சண்டை போடாம படிக்கிறீங்க. அதான் உங்ககிட்ட சொல்றேன். அவங்க வேணும்னேதானே வெச்சிருப்பாங்க?”

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அடுப்படியை மறுபடி வயதானவராக்கினேன்.

5

இந்த இடத்தில் என்னிடம் சில வரைவுகள் இருக்கின்றன.

ஒன்றில் ஓவியர், ‘ஆமாம், வேணும்னேதான் வெச்சாங்க’ என்று எழுதிவிடுகிறார். அடுப்படியும் வீட்டை விற்காமல் காத்திருக்கிறார், அவர் வீட்டு அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக

வேண்டாம்.

இன்னொன்றில் ஓவியர் பதிலே போடாமல் இருந்துவிடுகிறார். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அதனாலேயே அந்த வரைவு எனக்குப் பிடிக்கவில்லை.

உண்மையில் ஓவியர் எண்ணைக் கேட்டு வாங்கி அவருக்குப் போன் செய்தார். பேக்கரியில் ரொட்டித் தட்டங்களை இழுக்கும் சத்தம் கேட்டதாம்.

“அண்ணே, அந்தத் தட்டு நான் வெச்சதுண்ணே.”

சத்தம் நின்றது. “நீங்களா?”

“நான்தான் வரைஞ்சேன். வேணும்னு வெக்கல. அளவு பாக்க வெச்சேன், எடுக்க மறந்துட்டேன். அவன் வர்றானா இல்லையான்னு அங்க யாரும் முடிவே பண்ணலண்ணே. என்ன மன்னிச்சிடுங்க.”

இணைப்பு போய்விட்டதோ என்று ஓவியர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“மறந்து வெச்சதா,” என்றார் அவர் கடைசியில்.

“ஆமாண்ணே.”

“எங்க வீட்லயும் அப்படித்தாம்மா. இருக்கிறது நாங்க ரெண்டு பேரு. சில நாள் அவ மூணு தட்டு எடுத்து வெச்சிடுவா. வேணும்னு வெக்கமாட்டா. ஏதாவது பேசிக்கிட்டே இருப்பா, கை தானா வெச்சிடும். நானும் ஒண்ணும் சொல்றதில்ல. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அது அங்கயே இருக்கும்.”

ஓவியர் அழுதுவிட்டார். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே நின்று என்னிடம் சொல்லும்போதும் அழுதார்.

“குரூப்ல உண்மையச் சொல்லிடட்டுமாண்ணே?” என்று கேட்டிருக்கிறார்.

“சொன்னா உங்கள வெளிய தள்ளிடுவாங்க. நீங்க சொல்றது ஸ்க்ரீன்ல தெரியலயேம்மா.”

6

இதுவரை எழுதியதை ஓவியரிடம் படிக்கக் கொடுத்தேன். கடையிலேயே நின்றுகொண்டு படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“தனியா இருக்கேன்னு எழுதிட்டு ரெண்டு குடை வெச்சிருக்கீங்க. இன்னொண்ணு யாரோடது?”

நீங்களும் கவனித்திருப்பீர்கள். பழைய வரைவு ஒன்றில் அவருக்கு ஒரு தங்கையைக் கொடுத்து, அந்த அறையில் கூடவே குடிவைத்திருந்தேன். கதைக்கு அதிகமாகத் தோன்றியதால் தங்கையை எடுத்துவிட்டேன். அவளுடைய குடையை எடுக்க மறந்துவிட்டேன்.

இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். விரலை எடுக்காமல் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறதி என்ற சின்னச் சொல்லை அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. அவரே புரிந்துகொண்டார்.

“இருக்கட்டும் விடுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு நிறம் கலக்கப் போனார். குடையை நான் எடுக்கவில்லை.

7

வீடு என்ன ஆயிற்று என்று ஓவியருக்குத் தெரியாது. அடுப்படி சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. அடுப்படியும் தகரமும் இன்னும் அந்தத் தட்டுக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். உண்மை தெரிந்தபிறகும் அடுப்படி ஒரு வார்த்தை மாற்றிப் பேசவில்லை.

அவர் வீட்டை விற்பதாக ஒருமுறை எழுதினேன். புதிய முகவரியைப் பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார். விற்காததாக இன்னொருமுறை எழுதினேன். கட்டிலை மட்டும் கீழே இறக்கிப் போடுகிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன். பெரியவன் திரும்பி வருவதாக எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. வரமாட்டான் என்று எழுதவும் கை வரவில்லை.

ஆகவே வீட்டை உங்களிடம் விடுகிறேன். விற்பதானால் விற்றுவிடுங்கள். வைத்துக்கொள்வதானால் அந்த அம்மாளின் முட்டி வலியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் அவர்களைச் சாப்பிட உட்காரவைத்தாலும் ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் பேசிக்கொண்டே தட்டுகளை எடுத்து வைக்கும்போது குறுக்கே பேசிவிடாதீர்கள்.