மிசௌரி ஆறு வரைக்கும் அவள் ஓட்டுவாள்

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வண்டியின் அடிச்சட்டத்தில் லேசாகக் குத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"பாத்தீங்களா மார்லிஸ்? இத இன்னும் ஓட்டினீங்கன்னா, ஒரு நாள் முன்பாதி மட்டும் வீடு வந்து சேரும்."

மார்லிஸ் குனிந்து பார்த்தாள். இருபத்திரண்டு பனிக்காலங்களாக விஸ்கான்சின் சாலைகளில் கொட்டிய உப்பெல்லாம் அந்தப் பிக்கப்பின் வயிற்றைத் தின்றிருந்தது. மேலே நீல நிறம் இன்னும் பளபளவென்றுதான் இருந்தது. கணவன் ஆரின் ஞாயிறு தவறாமல் கழுவித் துடைத்த நிறம்.

ஆக, வேறு வண்டி வாங்கியாக வேண்டும். பால் பரிசோதனைக் கூடத்து வேலைக்குத் தினமும் முப்பத்திரண்டு மைல் போக வேண்டும். சாலையில் பனி தள்ளும் வண்டி வருவதற்கு முன்பே, விடியாத ஐந்து மணிக்கே அவள் கிளம்ப வேண்டும். அதே வண்டிதான் அக்டோபர் முதல் வாரத்தில் அவளையும் ஆரினையும் ஆயிரம் மைல் தாண்டி வயோமிங்குக்கு, புல்வெளி மான் வேட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். போன வருடம் இதே வேலை என்றால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இன்னொரு பிக்கப், அதுவும் நீலம்.

ஆனால் போன நவம்பரில், உள்ளூர் மான் வேட்டை தொடங்கிய இரண்டாம் நாள், ஆரின் மரத்தில் கட்டியிருந்த பரணிலிருந்து விழுந்துவிட்டான். இடது இடுப்பு உடைந்தது. எஃகுத் தகடும் திருகாணிகளும் வைத்துச் சேர்த்தார்கள். மருத்துவர் நடக்கச் சொன்னார். கைத்தடியோடு இரண்டு மைல் நடந்தான். வண்டி ஓட்டலாம், துப்பாக்கி பிடிக்கலாம் என்றார். ஆனால் இடது காலை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. மார்லிஸின் தம்பி வெண்டலின் பிக்கப்பில் ஏற ஒரு முக்காலி போட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போன ஒரு நாள், உணவகத்து வாசலில் பாதி ஊர் பார்க்க அவன் முக்காலியில் ஏறினான். அடுத்த வெள்ளிக்கிழமை வயிறு சரியில்லை என்றான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வயிறு சரியில்லை.

ஜூன் மாதம் வயோமிங் வேட்டை அனுமதிக்கான குலுக்கல் முடிவு வந்தது. வெளிமாநிலத்துக்காரர்களுக்கு நல்ல பகுதிகளில் சீட்டு எளிதில் விழாது. வருடத்துக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேர்த்து, இருவர் பெயரையும் ஒரே மனுவில் போட்டு, சுமாரான இடங்களிலேயே வேட்டையாடிக்கொண்டு எட்டு வருடம் காத்திருந்தார்கள். விழுந்தால் இருவருக்கும் விழும், இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. விழுந்துவிட்டது.

ஆரின் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறை மேசையில் வைத்தான். அதன் மேல் உப்புக் குப்பியையும் வைத்தான், பறந்துவிடும் என்பதைப் போல. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

"நீ போய்ட்டு வா. தொணைக்கு வெண்டல கூட்டிக்கோ."

"சீட்டுல உன் பேருதான இருக்கு. வெண்டல் பேரா இருக்கு?"

"அவன் சும்மா வரட்டும். சமைக்க ஆள் வேணாமா?"

"வெண்டல் சமைச்சா மானே ஓடிப்போயிடும்."

அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஏறுவதற்கு முக்காலி கேட்கும் வண்டியில் அவன் வரமாட்டான். இந்த அக்டோபரில் வராவிட்டால் அடுத்த அக்டோபரிலும் வரமாட்டான். அப்புறம் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் அவனுக்கு வயிறு சரியில்லாமல் போகும். அவள் வாங்கப்போகும் வண்டியைப் பொறுத்துத்தான் இதெல்லாம் இருந்தது. அவனிடம் இதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் அந்த நிமிடமே அவன் வீம்புக்கு உயரமான பிக்கப் ஒன்றை வாங்கச் சொல்லிவிடுவான்.

சனிக்கிழமை வெண்டலோடு வண்டி விற்குமிடத்துக்குப் போனார்கள். அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் விலை கேட்பதற்கு முன்னால் சாமான்களை ஏற்றிப் பார்ப்பார்கள். மார்லிஸும் இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகள், துப்பாக்கி உறைகள், சுருட்டிய படுக்கைகள் எல்லாவற்றையும் வெண்டலின் வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். விற்பனையாளர், முப்பது வயது இருக்கும், அவற்றைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஒரு பிக்கப்பின் பின்கதவை இறக்கிவிட்டார்.

கறுப்பு வண்டி. உட்காரும் இடம் மார்லிஸின் இடுப்புக்கும் மேலே இருந்தது.

ஆரின் கைத்தடியை வெண்டலிடம் கொடுத்தான். கூரைக்கு உள்ளே இருந்த கைப்பிடியைப் பிடித்தான். இடது காலைத் தூக்கினான். அது பாதியில் நின்றது. திரும்பி நின்று வலது காலை வைத்துப் பார்த்தான். உடம்பு முழுவதும் இடது காலில் வந்து இறங்க, அவன் பல்லைக் கடிப்பது கன்னத்தில் தெரிந்தது. மார்லிஸ் ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"கீழ ஒரு படி வெச்சுத் தரலாம் சார்," என்றார் விற்பனையாளர். "நெறைய பேரு வெச்சுக்கறாங்க."

"படியெல்லாம் வேணாம்," என்றான் ஆரின். கைப்பிடியை விட்டான். வண்டியின் பக்கவாட்டை ஒரு குதிரையைத் தட்டுவதுபோல் தட்டினான். "நல்ல வண்டி. வாங்கிடு மார்லிஸ். உனக்கு நல்லா இருக்கும்."

'உனக்கு' என்றான். முப்பது வருடத்தில் அவர்கள் சேர்ந்து வாங்கிய எதற்கும், ஒரு வாளிக்குக்கூட, அவன் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவன் தன்னைக் கழித்துக்கொண்டு பேசுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்படித்தான் ஒரு மனிதன் தன் வாழ்க்கையிலிருந்து மரியாதையாக இறங்கிப் போவான் போலிருக்கிறது, வண்டியைப் பாராட்டிவிட்டு.

அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் நின்று, தன் காலோடு வைத்து உயரம் பார்த்தாள். சின்ன கார்களில் ஐஸ் பெட்டி நுழையாது. ஜீப் மாதிரி வண்டிகள் உயரம். கடைசி வரிசையில், வேலிக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு மினிவேன் நின்றது. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு.

அவள் கை கதவின் பிடியில் போய் நின்றுவிட்டது.

எண்பத்தொன்பது மார்ச்சில் இப்படி ஒரு வண்டியைப் பார்க்க வந்திருந்தார்கள். அப்போது அவளுக்கு நான்காம் மாதம். அந்த வண்டி தேன் நிறம். ஆரின் தன் ஐஸ் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்துப் பார்த்தான். "நடுவுல கொழந்த, பின்னாடி மான்," என்று விற்பவரிடம் சொன்னான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரம் கழித்துக் குழந்தை இல்லை. பிறகும் இல்லை. கோடையில் ஒரு நாள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் நீலப் பிக்கப்பை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அந்த அக்டோபரில்தான் ஆற்றங்கரை வழக்கமே ஆரம்பித்தது. வீட்டிலிருந்து மிசௌரி ஆறு வரைக்கும் அவள் ஓட்டுவாள். ஆற்றுக்கு அப்பால் அவன். மக்காச்சோள வயல்கள் முடிந்து மேய்ச்சல் மேடுகள் தொடங்கும் இடம் அது. கரைமேட்டில் வண்டியை நிறுத்தி, பின்கதவை இறக்கி, அதில் உட்கார்ந்து மான் சாசேஜும், கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தமிடும் புதுச் சீஸும் சாப்பிடுவார்கள். முதல் வருடம் அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. அவன் ஒரு துண்டுச் சீஸை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். இரண்டு பேர் கால்களும் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவர்கள் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியதே இல்லை. அவன் மறந்துவிட்டான் என்றே அவள் நினைத்திருந்தாள். ஆண்களுக்கு அது ஒரு வரம் என்றுகூடச் சில வருடங்களில் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

கதவை இழுத்தாள். அது சத்தமில்லாமல் நழுவியது. தரை அவள் முழங்காலுக்குச் சற்று மேலே. ஒருவன் முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். முன் இருக்கையும் அதே உயரம்தான்.

பின்னால் வந்த விற்பனையாளர், "அருமையான குடும்ப வண்டி," என்றார். "நாலு சக்கரமும் இழுக்கும், பனியில பயமில்ல. சீட்டெல்லாம் மடிச்சுத் தரையோட தரையா போட்டுடலாம். பேரப் பிள்ளைங்க எத்தன பேரு?"

"ரெண்டு ஐஸ் பெட்டி," என்றாள் மார்லிஸ். "மடிச்சுக் காட்டுங்க."

அவர் மடித்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மல்லாந்து படுத்தாள். தலைக்கு மேலே இடம் இருந்தது. பக்கத்தில் இன்னொருவர் படுக்கவும் இருந்தது.

வெண்டல் எட்டிப் பார்த்தான். "அக்கா, இது பிள்ளைங்கள விளையாட்டு மைதானத்துல எறக்கிவிடற வண்டி. இதுல போய் நின்னா வயோமிங்ல மானே சிரிக்கும்."

"சிரிக்கிற மான் நின்னு சிரிக்கும். சுடறதுக்கு வசதி."

"அங்க மழ பேஞ்சா களிமண்ணு. இது தொப்பையோட ஒக்காந்துக்கும்."

"தொண்ணூத்தி மூணுல நாலு சக்கரம் இழுக்கற பிக்கப்லதான் ரெண்டு நாள் மாட்டிக்கிட்டோம். கேட்டுப்பாரு உங்க அத்தான. சேறு காயற வரைக்கும் ரம்மி ஆடினோம்."

ஆரின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தான். வண்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இது வேணாம்," என்றான்.

"ஏன்? மச்சான் கிண்டல் பண்ணுவான்னா?"

"வெண்டல் கெடக்கறான்."

"நான் கெடக்கறேன் அத்தான்," என்றான் வெண்டல். அதற்குமேல் நிற்காமல் விற்பனையாளரை அழைத்துக்கொண்டு ஐஸ் பெட்டிகளை எடுக்கப் போனான்.

மார்லிஸ் காத்திருந்தாள். கௌரவம் என்று நினைத்தாள். அதற்கான பதில்களையும் தயாராக வைத்திருந்தாள். இது பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும், கூடாரம் அடிக்க வேண்டாம், காற்றில் நடுங்க வேண்டாம்.

ஆரின் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்கு அந்தக் கதவ நான் எத்தன தடவ தொறந்து மூடினேன், ஞாபகம் இருக்கா?"

"எந்தக் கதவ?"

"தெரியாத மாதிரி கேக்காத. தேன் கலர் வண்டி. எட்டு தடவ. அந்த ஆளு, ஒடச்சிடாதீங்க சார்னு சொன்னான்." அவன் கையை எடுக்கவில்லை. "அப்புறம் எங்க பாத்தாலும் இந்தக் கதவுதான் மார்லிஸ். கடைத்தெருவுல, சர்ச்சு வாசல்ல, எல்லாத்துலேர்ந்தும் யாராவது ஒரு கொழந்த குதிக்கும். அதான் பிக்கப் வாங்கினேன். ரெண்டு பேரு மட்டும் ஒக்கார்ற வண்டி. உன்கிட்ட கேட்டா நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு கேக்கல."

இருபத்திரண்டு வருடமாக அவன் சும்மா இருந்ததை அவள் மறதி என்று படித்திருக்கிறாள். தன் பக்கத்திலேயே, ஒரே நீள இருக்கையில், ஆயிரம் மைல் போய் ஆயிரம் மைல் திரும்பி வந்தவனை. கோபப்பட வேண்டுமா, அவன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா என்று தெரியவில்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒக்காரு," என்றாள். "நின்னா இடுப்பு வலிக்கும்."

அவன் கைத்தடியைக் கதவோரம் சாய்த்து வைத்தான். பிறகு திரும்பி, பிடிக்க எதையும் தேடாமல், சாதாரணமாக உட்கார்ந்தான். எப்படி உட்கார்ந்தோம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கீழே குனிந்து தன் காலணிகளைப் பார்த்தான். அவை தரையில் பதிந்திருந்தன.

"கால் ஆடல," என்றான்.

"வயசாயிடுச்சு கெழவா. ஆட்டினது போதும்."

அவன் பின்னால் திரும்பி, மடித்த தரையைக் கண்ணால் அளந்தான். துப்பாக்கி உறைகள் இடது ஓரம். ஐஸ் பெட்டிகள் பின்கதவை ஒட்டி. பார்வை போகும் வழியை அவளும் பின்தொடர்ந்தாள்.

"நான் எந்தப் பக்கம் படுக்கறது?" என்றான்.

"கதவுப் பக்கம். ராத்திரி நாலு தடவ எழுந்து போறது நீதான."

அக்டோபர் முதல் வியாழக்கிழமை நண்பகலில் மார்லிஸ் சாம்பல் நிற வேனை மிசௌரியின் கரைமேட்டில் நிறுத்தினாள். கீழே ஆறு அகலமாக, வெயிலில் தகரம்போலக் கிடந்தது. ஆரின் தானே இறங்கி, தானே பக்கக் கதவை இழுத்தான். இருவரும் விளிம்பில் உட்கார்ந்து சாசேஜை நறுக்கினார்கள். பக்கத்தில் நின்ற உயரமான பிக்கப்பில் ஆரஞ்சுத் தொப்பி போட்ட இரண்டு பேர் இவர்களையும், உள்ளே இருந்த துப்பாக்கி உறைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"சிரிக்கிறாங்க," என்றான் ஆரின்.

"சிரிக்கட்டும். அவங்க ராத்திரி கூடாரம் அடிக்கணும்."

அவள் ஒரு துண்டுச் சீஸை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைக் கடித்தான், கீச்சென்றது. புதுசுதான் என்பதுபோல் தலையை ஆட்டினான். கத்தியைத் துடைத்து மடக்கினான். எழுந்து கதவை இழுத்து மூடினான். ஒரு நிமிடம் அங்கேயே நின்றான். பிறகு கதவை மறுபடி திறந்து, மறுபடி மூடினான்.

மார்லிஸ் எண்ணவில்லை. அவன் முடிக்கட்டும் என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவியக் குடு," என்றான் அவன். "ஆறு வந்தாச்சு."