சேஃப்டி சார் அறைக்கு மட்டும் ஒரு சுவிட்ச்

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவரை ஊரே 'சேஃப்டி சார்' என்றுதான் கூப்பிடும். வீட்டிலும் அப்படிக் கூப்பிட்டால் அவருக்கு ஆட்சேபணையில்லை; யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். புகைபிடிப்பதன் தீமை பற்றி அவர் பேசக் கேட்டு முரட்டுத் தொழிலாளிகள்கூடக் கண்கலங்கியிருக்கிறார்கள். பேசிய களைப்புத் தீர, கிடங்குக்குப் பின்னால் போய் ஒன்று பற்றவைப்பது அவர் வழக்கம். இப்போது அந்தக் களைப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறது. படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, ஜன்னலோரம் நின்று தீர்த்துக்கொள்கிறார். பாக்கெட் இருப்பது, 'சிறந்த பாதுகாப்பு அதிகாரி' என்று பொறித்த கேடயத்தின் முதுகில்.

வினை மகள் உருவில் வந்தது. நுரையீரல் மருத்துவர், கைக்குழந்தையோடு இங்கேயே வந்து தங்குவதாக இருந்தாள்.

"எல்லா பெட்ரூம்லயும் புகை அலாரம் மாட்டணும். ஃபயர் இன்ஸ்பெக்டர் பார்த்து சரின்னு சொன்னாத்தான் வருவேன். அதுக்கப்புறம் யாராவது ஒரு தம் அடிச்சாலும் பாப்பாவைத் தூக்கிட்டு வாடகை வீட்டுக்குப் போயிடுவேன்."

'யாராவது' என்றபோது அவள் யாரையும் பார்க்கவில்லை. அதுதான் சேஃப்டி சாரைப் பயமுறுத்தியது. பேத்தி ஒருமுறை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தால், அன்று முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

வேலை மச்சானிடம் போனது. மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து மனிதர்களோடு பேசுவதை விட்டு, விதிகளாகவே பேசுகிறவன்.

"மச்சான், என் ரூமுக்கு மட்டும் ஒரு சுவிட்ச் வச்சிரு. லைட் சுவிட்ச்சோட சேர்த்துக் குடுத்தாலும் போதும்."

மச்சான் ஏணி உச்சியிலிருந்து குனிந்து பார்த்தான். "லைட்டை அணைச்சிட்டுப் படுத்தா அலாரமும் சேர்ந்து படுத்துக்கும். தூங்குறவனை எழுப்பத்தானே அத்தான் இது? இந்த லைன்ல சுவிட்ச்சே கூடாது. நீங்க நிஜமாவே சேஃப்டி ஆபீசரா, இல்ல கேன்டீன்ல இருந்தீங்களா?"

"எனக்குத் தெரியாதா! உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

சற்று நேரம் அறையை அளப்பதுபோல் நடந்துவிட்டு, "சும்மா ஒரு பேச்சுக்குத்தான்... மெயின் பெட்டியில பிரேக்கரை இறக்கிட்டா?" என்றார்.

"உள்ள பேட்டரி இருக்கு. கரண்ட் போனாலும் கத்தும்."

"ஃபேனை ஒட்டி மாட்டேன். பார்க்க லட்சணமா இருக்கும்."

"காத்து புகையைத் தள்ளிடும். தள்ளித்தான் மாட்டணும்."

"சரி, மத்த ரூமோட இதைக் கோக்காதே. தனியா இருக்கட்டும், மரியாதையா."

"ஒண்ணு கத்தினா எல்லாம் கத்தணும் அத்தான். இங்க புகைஞ்சா கடைசி ரூம்ல இருக்கிற அக்காவுக்குக் கேக்கணும். ஆமா, உங்களுக்கு என்ன இவ்ளோ அக்கறை?"

"டெக்னிக்கல் ஆர்வம்" என்றார் சேஃப்டி சார், பரிதாபமாக.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகளும் வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர், சேஃப்டி சாரின் அறையில் இருந்த அலாரத்தின் பட்டனை அமுக்கினார். வீடே அலறியது. மச்சான் மீசையை நீவிக்கொண்டான்.

"பட்டன் அமுக்கினா தொண்டை சரியா இருக்குன்னுதான் அர்த்தம். மூக்கு வேலை செய்யுதான்னு பார்க்கணும்" என்று இன்ஸ்பெக்டர் ஒரு புகை ஸ்ப்ரே எடுத்தார். அது 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. "காலி. நான் நாளைக்கு லீவுல போறேன். திரும்பி வர ஒரு மாசம் ஆகும்."

"அப்ப நானும் ஒரு மாசம் கழிச்சே வரேன்" என்றாள் மகள்.

"பேப்பரைக் கொளுத்தட்டுமா?" என்றான் மச்சான்.

"மெத்தை பக்கத்துல நெருப்பா? புகை மட்டும் போதும். ஒரு சிகரெட் இருந்தா முடிஞ்சிடும். யார்கிட்டயாவது இருக்கா?"

குழந்தை தாத்தாவிடம் வரக் கையை நீட்டியது. அந்தக் கை சேஃப்டி சாரை ஒரு வழி பண்ணிவிட்டது. மெல்லக் கேடயத்துக்குப் பின்னால் கையைவிட்டார்.

"சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு தொழிலாளிகிட்ட பறிமுதல் பண்ணது. சாட்சிக்காக வச்சிருந்தேன்."

"ரொம்ப நல்லது. நீங்களே பத்தவைங்க, எனக்குப் பழக்கமில்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

குழந்தையை வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, சார் ஒற்றைக் கையால் தீக்குச்சியை உரசினார். உள்ளங்கையைக் குவித்தார், கண்ணை மூடினார், ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார். கூரையை நோக்கி வளையம் வளையமாகப் புகை போனது. வீடு மறுபடி அலறியது. அப்போதுதான், பழக்கமில்லாதவன் இருமவேண்டும் என்பது நினைவுக்கு வந்து, நாலு முறை இருமினார்.

குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அறை வாசலில் நின்றிருந்தாள் மகள். "அப்பா, இருமல் கேட்டுத்தான் நான் சம்பாதிக்கிறேன். இது இருமல் இல்ல."

"அந்தக் கேடயத்தை இத்தனை வருஷமா துடைக்கிறது யாருன்னு நெனச்சீங்க?" என்று கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

சேஃப்டி சார் சிகரெட்டை நசுக்கினார். பாக்கெட்டையும் நசுக்கினார். "பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிடாதேம்மா" என்றார். அவர் பேச்சுகளிலேயே மிகச் சிறியது அதுதான்.

மகள் அலாரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"மாமா, தொட்டில் கொக்கியை இந்த ரூம்லயே அடிங்க. பகல்ல பாப்பா இங்கதான் தூங்குவா. சாப்பாட்டுக்கு அப்புறம்."

மச்சான் அசைவதற்குள் சேஃப்டி சார் ஏணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நல்ல இடம் தேடப் புறப்பட்டிருந்தார்.

"அத்தான், மெதுவா! ஃபேன் ஓடுது!" என்று அலறினான் மச்சான்.