விலை கேட்கப் போன ஞானதாசன்

இனயம் என்ற கடற்கரை ஊரில் ஞானதாசனைப் பிடிக்காதவர்கள் என்று யாரும் கிடையாது. பங்குச்சந்தை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஐந்து வீட்டுக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. மாலை மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும். அதற்குப் பிறகு அவர்களும் பழைய அன்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

எல்லாம் மலைச்சாரல் லேடெக்ஸ் செய்த வேலை. குலசேகரத்துக்கு அந்தப் பக்கம் ரப்பர் பாலைச் சுத்தம் செய்து கையுறை செய்பவர்களுக்கு விற்கும் கம்பெனி அது. ஞானதாசனுக்குக் கருங்கல் சந்தையில் செருப்புக்கடை. ஊரில் அன்பியத் தலைவர் பொறுப்பு. அன்பியம் என்பது தெருவில் உள்ள குடும்பங்கள் வாரம் ஒருமுறை யாராவது ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஒரு கூட்டம் முடிந்து எல்லாரும் கட்டன் சாயாவும் பழம்பொரியுமாக இருந்தபோது, "ரப்பர் மரம் இருக்கிற வரைக்கும் இந்தக் கம்பெனிக்குச் சாவு கிடையாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ஜெபம் சொல்லும் வாய் பொய் சொல்லாது என்று நம்பி, ஐந்து வீட்டுக்காரர்கள் பங்கு நூற்றுநாற்பது ரூபாய் என்று வாங்கினார்கள்; அவரும் வாங்கினார். அவர் சொன்னது பொய்யில்லைதான். கம்பெனி சாகவில்லை. விலைதான் முப்பத்தெட்டில் வந்து படுத்துக்கொண்டது.

ஐந்து பேரில் அதிகம் போட்டவர் ததேயுஸ். ஞானதாசனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். மீன்பிடி வள்ளத்துக்குப் புது எஞ்சின் வாங்க வைத்திருந்த பணம் அது.

"ஏலே ஞானதாசா, எனக்க எஞ்சின் அந்தக் குலசேகரத்துல எங்கயோ கெடக்குல்லா? ஒருநா கூட்டிட்டுப் போயி காட்டு. அதுக்க மூடியையாவது தொட்டுப் பாத்துக்கிடுகேன்" என்பார் கடை வாசலில் நின்று. செருப்பு வாங்க வந்தவர்களும் சிரிப்பார்கள். ஞானதாசனும் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கல்லாப்பெட்டியைத் தேவையில்லாமல் திறந்து மூடுவார்.

இந்த நிலையில்தான் கம்பெனியின் முக்கால் பங்கை வைத்திருந்த முதலாளி குடும்பம் ஒரு அறிவிப்பு விட்டது. மிச்சப் பங்குகளையும் நாற்பத்தாறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறோம், கம்பெனியைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்கிறோம் என்று. அதற்குச் சின்னப் பங்குதாரர்கள் ஓட்டுப்போட்டுச் சம்மதிக்க வேண்டும். ஞானதாசன் அறிவிப்பை இரண்டு தடவை வாசித்தார். தொழிற்சாலை நின்றிருந்த நிலத்துக்கு இன்றைய விலை என்ன என்று எங்கேயும் இல்லை.

"நெலத்தையும் சேத்துக் கணக்குப் போட்டா நாப்பத்தாறு எங்க, எழுபதுக்கு மேல வரும். உனக்க எஞ்சினும் வரும்" என்றார் ததேயுஸிடம்.

"அப்பம் கேளு. மீன்பிடித் தடை முடிஞ்சாச்சு. பழைய எஞ்சினு பாதிக் கடல்ல நின்னு இருமுது. எனக்குப் பேசத் தெரியாது. உனக்குத்தான் மைக்கைக் கண்டா விட மனசு வராதே."

வீடியோவில் நடந்த விசேஷக் கூட்டத்தில் பேச ஞானதாசன் பெயர் கொடுத்தார். ஒருவருக்கு மூன்று நிமிடம். ஐந்து வீட்டுக்காரர்களும் அன்று காலை அவர் வீட்டு முன்னறையில் கூடிவிட்டார்கள். செல்போனை டிவியோடு இணைத்தவள் அவர் மனைவி கிரேசி. குவைத்தில் இருக்கும் தங்கச்சியிடம் தினமும் முகம் பார்த்துப் பேசிப் பேசி அவளுக்கு அந்த வித்தை கைவந்திருந்தது.

"நெலத்தைக் கேளுங்க, உக்காந்திருங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசாதீங்க" என்று அவள் எச்சரித்தாள்.

"எனக்குத் தெரியாதா ஏட்டி?"

டிவியில் கம்பெனித் தலைவர் சிவபிரசாத் தெரிந்தார். வயதானவர். நாகர்கோவிலில் படித்தவராம். நல்ல சளி, இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை இருமினார். முதலில் பேசிய பங்குதாரர் அவரைக் கொள்ளைக்காரர் என்றார். அடுத்தவர் அப்படிப் பெயர் எதுவும் வைக்காமல் திட்டினார். மூன்றாமவர் கத்தியதில் டிவி அதிர்ந்தது. திட்டு விழ விழ அந்த மனிதர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடிக்கக்கூட இல்லை.

"சவம், நல்லா வாங்கட்டும்" என்றார் ததேயுஸ்.

ஞானதாசனுக்கு என்னவோ போல் இருந்தது. அப்போது அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஞானதாசன் எழுந்து நின்றார். முன்னறை, எதிரே தெரிந்த முகங்கள், பேசச் சொல்லி ஒரு அழைப்பு. இருபது வருஷப் பழக்கத்தில் அவர் கை தானாக நெற்றிக்குப் போனது.

"தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே…"

அங்கேயே யாராவது அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ஆனால் அறையில் இருந்த எல்லாரும் "ஆமென்" என்று சொல்லித் தலை குனிந்துவிட்டார்கள். ததேயுஸ் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடினார். கிரேசி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

இந்த நல்ல நாளுக்காக ஞானதாசன் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். கூட்டத்தில் கலந்துகொண்ட அனைவரையும் அவர் கையில் ஒப்புக்கொடுத்தார். தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள், பால் வெட்டும் தொழிலாளிகள், அவர்கள் குடும்பம், மழை, மரம் எல்லாம் வந்தன. "தலைவர் ஐயாவுக்கு நல்ல சுகத்தைத் தாரும் ஆண்டவரே. அவருடைய இருமலை மாற்றும். அவர் சோர்ந்து போகாதபடி பார்த்துக்கொள்ளும்" என்று உருகினார். "ஆமென்" என்று ஆறு குரல்கள் ஒன்றாகச் சொன்னபோது டிவியில் ஒரு பெண்குரல் கேட்டது.

"நன்றி சார். உங்கள் நேரம் முடிந்தது. அடுத்து, திருநெல்வேலியிலிருந்து பகவதியம்மாள்."

ததேயுஸ் கண்ணைத் திறந்தார். "ஏலே! மரத்துக்கெல்லாம் ஜெபிச்சியே, எனக்க எஞ்சினுக்கு ஒரு வரி சொல்லப்படாதா?"

"நீயுந்தானல கண்ணை மூடிட்டு நின்ன!" என்றார் ஞானதாசன்.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் தோன்றினார். "நான் கேக்க நினைச்சதை எல்லாம் முன்னாடி பேசினவங்க கேட்டுட்டாங்க. எனக்கு முன்னாடி பேசுன அண்ணாச்சி ஏதோ கேக்க வந்துட்டு கேக்காம போயிட்டாரு. என் நேரத்தை அவருக்கே குடுத்திருங்க."

"விதிகளில் அப்படி இடம் இல்லை மேடம்" என்றது பெண்குரல்.

அதுவரை எழுதிக்கொண்டிருந்த சிவபிரசாத் தலையைத் தூக்கினார். "பரவாயில்ல, கேக்கட்டும். இன்னைக்கு என்னைத் திட்டாம பேசினவரு அவரு ஒருத்தர்தான்" என்றார். அப்புறம்தான் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

கிரேசி கணவனின் முழங்கையில் கிள்ளினாள். "நெலம்!"

"ஐயா, நாப்பத்தாறு ரூபாய்னு சொன்னதுல தொழிற்சாலை நிலத்துக்க இன்றைய விலையைச் சேர்த்தீங்களா?"

கணக்கு அதிகாரி ஒருவர் முந்திக்கொண்டு, மதிப்பீட்டு முறைகள் பலவிதம் என்று ஆரம்பித்தார். சிவபிரசாத் கையைக் காட்டி நிறுத்தினார். "சேர்க்கல. எங்க அப்பா வாங்கின விலையிலதான் கணக்குல நிக்குது" என்றார்.

கூட்டம் முடிந்தது. ஓட்டுப்போட அரைமணி நேரம் கொடுத்தார்கள். ஞானதாசனும் நான்கு வீட்டுக்காரர்களும் அவரவர் போனில் 'எதிர்ப்பு' என்று அழுத்தினார்கள். ததேயுஸின் விரல் மட்டும் திரைக்கு மேலேயே நின்றது.

"நிலத்தைச் சேர்க்கலன்னு தெரிஞ்சாச்சு. ஆனா வேண்டாம்னு போட்டா இந்த நாப்பத்தாறும் போவும். இனி எப்பம் மொதலாளி வெலை ஏத்திக் கேப்பானோ? சீசன் எனக்காக நிக்குமா மக்கா?"

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

இந்த மாதம் தன் வீட்டுக்குச் சீட்டு விழுந்திருந்தது ஞானதாசனுக்கு நினைவு வந்தது. ஆனால் அடுக்களைக்கு டைல்ஸ் போட வேண்டும் என்று கிரேசி நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரனிடம் நிறம்கூடச் சொல்லியாயிற்று. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"ததேயுஸ் அண்ணே, எங்களுக்குச் சீட்டு விழுந்திருக்கு" என்றாள் கிரேசி. "அதைக் கொண்டு போயி எஞ்சினுக்கு முன்பணம் கட்டுங்க. தரை எங்கயும் ஓடாது. மீன் ஓடும்."

"வட்டி?" என்றார் ததேயுஸ்.

"மலைச்சாரல் விலை ஏறினா தா" என்றார் ஞானதாசன்.

"அப்பம் அசலும் கெடையாதுன்னு சொல்லு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ததேயுஸ் 'எதிர்ப்பு' என்று அழுத்தினார்.

ஊர் ஊராக இப்படி எத்தனை பேர் அழுத்தினார்களோ, தீர்மானம் தோற்றது. செய்தி வந்த அன்றே விலை முப்பத்தொன்றுக்கு இறங்கியது. நிலத்தை முறையாக மதிப்பிட்டுப் புதிதாக யோசிக்கப்போவதாகக் கம்பெனி இரண்டு வரி அறிக்கை விட்டது. யோசிப்பார்கள். பெரிய மனிதர்கள் யோசித்து முடிக்க நாளாகும். கேட்டவனுக்குக் கடவுள் அதுவரை பொறுமை கொடுப்பார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் விலை இன்னும் ஒரு ரூபாய் இறங்கியது. மற்றவர் வாயால் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிடுவது நல்லது என்று ஞானதாசன் கடையிலிருந்து ததேயுஸைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக போன் சொன்னது. மறுபடியும் கூப்பிட்டார். அதே பதில்தான். அவ்வளவு தூரம் போக அந்தப் பழைய எஞ்சினால் ஆகாது.

ஞானதாசன் போனை வைத்துவிட்டு, வாசலில் நின்றவரிடம் சந்தோஷமாக, "எத்தனாம் நம்பர் செருப்பு வேணும்?" என்று கேட்டார்.